பதினோராவது கொடி

கோவில்பட்டி,
6.7.2003

பூங்கொடிக்கு,

உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் மிச்சத்தையும் வாசித்துவிடு. பதின்மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன், எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது.

உன் விலாசத்தை உன் தங்கை முத்துசெல்வியிடம் வாங்கினேன். கயத்தாறு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "அக்காவுக்கு எழுதுதீங்களா? எழுதுங்க. ஆனா நாந்தான் குடுத்தேன்னு சொல்லிராதீங்க" என்றாள். சொல்லிவிட்டேன். அவளைத் திட்டாதே.

நான் இன்னும் அதே தீப்பெட்டி ஆபீசில்தான் இருக்கிறேன். இப்போது பெட்டி ஒட்டுவதில்லை, கட்டுப் போடுகிற இடத்தில் மேற்பார்வை. கல்யாணமாகி ஒன்பது வருஷம். இவர் பெயர் விஜயராஜ். வீட்டு முன்னறையிலேயே டி.வி., டேப் ரிக்கார்டர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறார். வீட்டில் உட்கார இடம் கிடையாது, எங்கே பார்த்தாலும் யார் வீட்டுப் பெட்டியாவது வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும்.

போன செவ்வாய்க்கிழமை பலசரக்குக் கடை யோகராஜ் அண்ணாச்சி வீட்டு வி.சி.டி. பிளேயர் வந்தது. சி.டி. உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லையாம். இவர் சரிசெய்துவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்க அந்த சி.டி.யையே போட்டார். நான் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் காற்றுச் சத்தம் கேட்டது. வெளியே அடிக்கிற காற்று இல்லை, டி.வி.க்குள் அடிக்கிற காற்று. எட்டிப் பார்த்தால் நம் கரிசல். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அதில் ஒரு பெண் சைக்கிளில் போகிறாள். முதுகு மட்டும்தான் தெரிகிறது. மஞ்சள் சட்டை, இரட்டைச் சடை.

"என்ன, ஒரு மாதிரி நிக்கே?" என்றார் இவர்.

"அது பூங்கொடில்லா" என்றேன்.

"எந்தப் பூங்கொடி?" என்றார். பார், ஒன்பது வருஷத்தில் உன் பெயரை ஒரு தடவைகூட நான் வீட்டில் சொன்னதில்லை.

'புழுதிப் படை'தான். நீ நடித்த, நான் கொடி நட்ட படம். நம் ஊர்த் தியேட்டரில் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் போட்டு, தீபாவளிக்குப் பெரிய படம் வந்ததும் தூக்கிவிட்டார்கள். நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஊரிலும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அது எப்படியோ இரண்டு சி.டி.யாக மாறி யோகராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு வந்திருக்கிறது.

நீ விழுகிற இடம் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அணைத்துவிட்டேன். சுவிட்செல்லாம் புளி. அதற்கு ஒரு திட்டு வாங்கினேன்.

கை எப்படி இருக்கிறது? இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

செண்பகவல்லி


கல்யாண், மகாராஷ்டிரா,
24.7.2003

செண்பகவல்லிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. முத்துசெல்வியைத் திட்டியாகிவிட்டது.

இடது கை நீட்ட வராது. முழங்கையில் மடங்கின மடக்கிலேயே நின்றுவிட்டது. ஆனால் வேலைக்குக் குறைவில்லை. இங்கே இட்லி மாவு அரைத்து விற்கிறேன், மூன்று கிரைண்டர் ஓடுகிறது. பாத்திரத்தை இடுக்கிக்கொள்ள அந்த மடக்கு வசதியாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் சுடலைராஜ், புதூர்ப் பக்கத்துக்காரர். ரயில்வே யார்டில் வேலை. மகள் காளீஸ்வரி ஐந்தாவது படிக்கிறாள். தமிழில் பேசுவாள், மராட்டியில் சண்டை போடுவாள்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். உன் கடிதம் வந்ததை அவளிடம் சொல்லவில்லை. பத்திரகாளி என்று பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சொன்னால் வாரித் தூற்றுவதற்கு இங்கே மண்கூடக் கிடையாது, எல்லாம் சிமெண்டு.

நீ சுற்றி வளைத்து எழுதியிருப்பதால் நான் நேராகவே எழுதுகிறேன். வெடிப்பு பதினொன்று. விழுந்த பிறகு எண்ணிப் பார்த்தபோது கொடி பத்து. கொடி இல்லாத அந்த ஒரு வெடிப்பில் நான் சக்கரத்தை விட்டேன். நீ பொறாமையில் வேண்டுமென்றே ஒன்றை நடாமல் விட்டாய் என்று ஊரே சொன்னது. அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நின்று உன்மேல் மண்ணை வாரித் தூற்றினாள். நான் அப்படிச் சொன்னதில்லை. அப்படி இல்லை என்றும் சொன்னதில்லை.

இதையெல்லாம் இப்போது பேசி என்ன ஆகப் போகிறது? கடிதம் எழுதினால் கை நேராகிவிடுமா?

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். என் முதுகு எப்படி இருக்கிறது? அந்த மஞ்சள் சட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பூங்கொடி


கோவில்பட்டி,
3.8.2003

அன்புள்ள பூங்கொடிக்கு,

உன் முதுகு ராணி மாதிரி இருக்கிறது. போதுமா?

இரண்டு சி.டி.யையும் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். யோகராஜ் அண்ணாச்சியிடம் இரவல் கேட்டேன். "அந்தப் படத்தையா? நீங்களே வச்சிக்கிடுங்கம்மா, வீட்டுல இடம் அடைக்கி" என்றுவிட்டார். உறைகூடக் கிடையாது. இவர் பழைய காலண்டர் அட்டையை வெட்டி இரண்டு பக்கமும் வைத்துக் கட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டில் பிளேயர் இருந்தால் கேட்டு வாங்கிப் பார்.

நான் முழுப் படத்தையும் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், அந்த இரண்டு நிமிஷம் தவிர. அந்த இடம் வந்தால் இவர் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நமக்கு யார் கதை சொன்னார்கள்? பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டு ஆலை கட்ட வருகிறான் வில்லன். தடுக்க வந்த ஹெட்மாஸ்டரைப் பருத்திக் குடோனில் அடைத்து வைக்கிறான். பத்தாவது படிக்கிற ஐந்து பேர் சைக்கிளில் போய் அவரை மீட்கிறார்கள். ஹீரோ ஒரு உதை விட்டால் மூன்று சத்தம் வருகிறது. வில்லனுடைய ஜீப்பை அந்த ஐந்து சைக்கிளும் எதிரே அடிக்கிற ஏறுகாற்றில் முந்துகின்றன. ஆடிக் காற்றில் நம் ஊரில் சைக்கிள் மிதித்தவர்கள் யாராவது இருந்தால் அந்த டைரக்டரைத் தேடிப்போய் உதைத்திருப்பார்கள்.

ஆனால் படம் மோசமில்லை, பூங்கொடி. உண்மையாகத்தான் சொல்கிறேன். சண்டையில் கயிறு இல்லை, கட்டித் தூக்கவில்லை. விழுகிறவர்கள் நிஜமாக விழுகிறார்கள், புழுதி நிஜப் புழுதி. அந்த ஐந்து பிள்ளைகளும் மூச்சு வாங்குவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்குகிறது. இதை ஏன் நாலு நாளில் தூக்கினார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இவர்கூட, "நல்லாத்தான எடுத்திருக்கான்" என்றார். இவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசு இல்லை.

இனி, நீ நேராக எழுதியதற்கு நானும் நேராக எழுதுகிறேன்.

முதலில் என்னைத்தான் எடுத்தார்கள். ஐந்து பேரில் ஒருத்தியாக நடித்த அந்த நடிகைக்குச் சைக்கிள் வராது என்றதும் நம் ஆபீசுக்கு வந்து ஓட்டத் தெரிந்த பெண் வேண்டும் என்று கேட்டார்கள், நாம் இரண்டு பேரும் போனோம். இரண்டு நாள் அந்த மஞ்சள் சட்டையை நான் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் உன் சடை நீளத்தைப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து பார்த்தால் நீதான் அவளை மாதிரி இருக்கிறாய் என்று மாற்றிவிட்டார்கள். சட்டையைக் கழற்றி உன்னிடம் கொடுத்தேன். என்னைக் கொடி நடச் சொன்னார்கள்.

சின்ன வெடிப்பையெல்லாம் மண் போட்டு மூடியாகிவிட்டது. சக்கரம் உள்ளே போகிற அளவுக்குப் பெரிய வெடிப்பு பதினொன்று. அந்தப் பதினொன்றுக்கும் பக்கத்தில் அடையாளம் வைக்க வேண்டும், நீ பார்த்து ஒதுங்கிப் போக வேண்டும். ஆபீசில் கழித்துப் போட்ட சிவப்பு லேபிளை எடுத்து, வீட்டில் பசை காய்ச்சி, பருத்திக் குச்சியில் ஒட்டினேன். பதினொன்று ஒட்டினேன். அதில் சந்தேகமே இல்லை.

பதினொன்றையும் நட்டேனா என்றால், அங்கேதான் எனக்குத் தெரியவில்லை. நட்டேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். உதவி டைரக்டர் எண்ணினார். பத்து. "எங்க பதினோராவது?" என்றார். பருத்தி மார் பிடுங்கின புஞ்சை, தரையெல்லாம் வெறும் குச்சி கிடக்கிறது, எதைக் காட்டுவேன்? அன்று காலையிலிருந்து எனக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது. கலங்கின கண்ணோடு ஒன்றை விட்டிருக்கலாம். கையில் வைத்துக்கொண்டே மறந்திருக்கலாம். பதின்மூன்று வருஷமாக அந்தப் புஞ்சையில் மனதுக்குள் நடந்து எண்ணுகிறேன். சில நாள் பதினொன்று வருகிறது. சில நாள் பத்துதான் வருகிறது. சத்தியம் பண்ண எனக்கு வாய் வரவில்லை.

அந்த இரண்டு நிமிஷத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். ஆனால் உடைந்தது உன் கை. நீ பார். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், ரிமோட்டில் அதற்கு வசதி இருக்கிறது. நான் நடவில்லை என்றால் நடவில்லை என்றே எழுது. எதுவாக இருந்தாலும் தெரிந்தால் போதும்.

செண்பகவல்லி


கல்யாண்,
19.8.2003

அன்புள்ள செண்பகவல்லி,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீ பதைத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம். பதினொன்றையும் நட்டிருக்கிறாய்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்து வாசி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாவு வியாபாரம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுப் பிளேயரை வாங்கி வந்தோம். அம்மா, "எனக்குச் சினிமாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என்ன படம் என்று நான் சொல்லவில்லை. காளீஸ்வரிதான் ரிமோட்டை வைத்திருந்தாள். "அம்மா, இதுல எது நீ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "முகம் தெரியாததெல்லாம் நான்" என்றேன்.

இரண்டாவது சி.டி.யில் அந்த இடம் வந்தது. காற்றுச் சத்தம் கேட்டதும் அம்மா புரண்டு படுத்து, "என்னட்டி, நம்ம ஊர்க் காத்து மாரில்லா கேக்கு?" என்றாள். எழுந்து உட்கார்ந்தாள்.

கிணற்று மேட்டில் வைத்து எடுத்தார்களே, அந்தத் தூரத்துக் காட்சிதான். புஞ்சை முழுசும் தெரிகிறது. நான் அந்தக் கோடியில் புள்ளி மாதிரி வருகிறேன். தரையில் சின்னச் சின்னதாகச் சிவப்பு. "நிறுத்துட்டி" என்றேன். காளீஸ்வரி டி.வி. கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணச் சொன்னேன். மறுபடியும் பதினொன்று. சுடலைராஜும் எண்ணினார். நானும் எண்ணினேன். மூன்று பேர் எண்ணிவிட்டோம், செண்பகவல்லி. பதினொன்று.

அப்புறம் ஓடவிட்டாள். இடது மூலையிலிருந்து ஒரு ஆடு வருகிறது.

ஜீப்புக்குக் குறுக்கே ஓடுவதற்காக வெயிலம்மாள் அக்காவின் ஆடுகளைக் கொண்டுவந்து ஓரத்தில் நிறுத்தியிருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒன்று பிரிந்து வருகிறது. அவசரமே இல்லை அதற்கு. கடைசிக்கு முந்தின கொடியை மோந்து பார்க்கிறது, குச்சியோடு பிடுங்குகிறது, லேபிளைத் தின்றுகொண்டே படத்தைவிட்டு வெளியே போகிறது. போய் ஐந்து எண்ணுவதற்குள் நான் வந்து அந்த வெடிப்பில் விழுகிறேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டை யார் பார்த்தார்கள்?

விழுந்ததை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார்கள், தெரியுமா? புழுதி கிளம்புகிறது, அடுத்தது அந்த நடிகையின் முகம். சடைகூடக் கலையாமல் எழுந்து ஓடுகிறாள். விழுந்தது நான், எழுந்தது அவள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அம்மா மூன்று தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவை டி.வி. பக்கத்தில் போய் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது வெயிலம்மா வீட்டு மொட்டக் கொம்புல்லா. இந்தச் சனியன் நம்ம வீட்டு அகத்தியக்கூட ஒரு தடவ மொட்ட அடிச்சிட்டுப் போச்சு" என்றாள். அப்புறம், "அவ பசையில துத்தம் போடலையா?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் காப்பிகூடக் குடிக்கவில்லை.

இனி என் பங்கு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது அம்மா என்னைக் கேட்டாள், "அவ வேணும்னு பண்ணுனாளாட்டி?" என்று. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மா உன் ஆபீஸ் வாசலுக்குப் போயிருக்க மாட்டாள். நீ அப்படிச் செய்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். ஆனால் வலி பொறுக்கவில்லை. யார் தலையிலாவது அதைத் தூக்கிப் போட வேண்டும் போல இருந்தது. நீதான் பக்கத்தில் இருந்தாய். உன் தலையில் போட்டேன்.

அந்த ஒரு சொல்லை இப்போது சொல்கிறேன். இல்லை. நீ வேண்டுமென்று பண்ணவில்லை. என்னை மன்னித்துவிடு.

பூங்கொடி


கோவில்பட்டி,
1.9.2003

அன்புள்ள பூங்கொடி,

உன் கடிதத்தின் முதல் நாலு வரியை வாசித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். மிக்சியில் ஷாக் அடித்துவிட்டது என்று இவர் மெயினை அணைத்துவிட்டு ஓடிவந்தார். தெருவில் நாலு வீட்டிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் என்ன சொல்ல? ஒரு ஆடு லேபிளைத் தின்றுவிட்டது என்றா?

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு இரண்டு நாள் பகலில் படுத்துத் தூங்கினேன். ஆபீசில் கேட்டதற்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா கேட்டது சரிதான். துத்தம் போடவில்லை. ஆபீஸ் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அதை ஆடு மோந்துகூடப் பார்க்காது. ஆனால் எனக்கு விரலிடுக்கெல்லாம் துத்தத்தில் வெந்து போயிருந்தது. பதினோரு லேபிள்தானே என்று வெறும் கிழங்கு மாவில் காய்ச்சிவிட்டேன். உப்புகூடக் கொஞ்சம் விழுந்திருக்கும், சோறு பொங்குகிற பானையில்தான் காய்ச்சினேன். அதைவிட நல்ல தீனி அந்தப் புஞ்சையில் ஆட்டுக்கு எங்கே கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை வெயிலம்மாள் அக்காவைத் தேடிப் போனேன். இப்போது புதூர் ரோட்டுப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னேன். "பசை தடவுன காயிதத்த நட்டு வச்சா ஆடு என்னட்டி செய்யும், கும்புட்டுட்டுப் போகுமா?" என்று என்னைத்தான் சத்தம் போட்டார்கள். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருந்தா சொல்லிருப்பேனே. அது அன்னைக்கு வாயெல்லாம் செவப்பா வந்துச்சு, ரத்தம்னு பயந்து வாயத் தொறந்து பாத்தேன்" என்றார்கள். யாரும் கேட்கவில்லை, பூங்கொடி. ஊர் முழுக்க என்னைப் பற்றிப் பேசிற்று. ஆட்டுக்காரம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

யோகராஜ் அண்ணாச்சியிடம் சொன்னதும் அவர் எங்கேயோ கேட்டு இன்னொரு பிரதி வாங்கித் தந்தார். இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நானும் பார்த்தேன். எண்ணினேன். ஆடு வந்தது, தின்றது, போயிற்று. அதோடு அணைத்துவிட்டேன். நீ விழுவதை என்னால் இன்னும் பார்க்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதற்கு முன்னால் இரண்டு எழுதிக் கிழித்துப் போட்டேன். நீ உன் பங்கைச் சொல்லிவிட்டாய். என் பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

கொடி விஷயத்தில் நான் தப்புப் பண்ணவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஊர் சொன்ன பொறாமை எனக்கு இருந்தது. நிறைய இருந்தது. நீ அந்த மஞ்சள் சட்டையில் சைக்கிளில் ஏறியபோது எனக்கு வயிறு எரிந்தது. கடைசிக் கொடிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். நீ விழுந்தாய். விழுந்த அந்த ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு நொடிதான். அப்புறம் நீ கத்தினாய், எனக்கு உலகமே இருண்டுவிட்டது. ஆனால் அந்த ஒரு நொடி இருந்தது. அதில் நான் கால் நகராமல் அப்படியே நின்றேன். மற்றவர்கள் எல்லாரும் ஓடின பிறகுதான் நான் ஓடினேன் என்று நினைக்கிறேன். உன் அம்மா மண்ணை வாரித் தூற்றியபோது நான் ஒன்றுமே பேசாமல் நின்றதற்கும் அதுதான் காரணம். எனக்கு அது வேண்டும் என்று நினைத்தேன். கொடியை எண்ணி எண்ணிப் பார்த்ததுகூட அதனால்தான். மனதில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்தவள் கையால் ஒரு கொடியை விட்டிருக்க மாட்டாள் என்று எப்படி நம்புவது?

இதை இவரிடம்கூடச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லாமல் உன் மன்னிப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் அது திருடியது மாதிரி. இதை வாசித்த பிறகு நீ எழுதாவிட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் நியாயம் என்று நினைத்துக்கொள்வேன்.

செண்பகவல்லி


கல்யாண்,
18.9.2003

என் செண்பகவல்லி,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. உடனே எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம் வரும் வரும் என்று நானும் பார்த்தேன். மாவு புளிக்கிற நேரம் வரைக்கும் காத்திருந்தேன், வரவில்லை. வேறு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. தீபாவளி லீவுக்கு எல்லாரும் வருகிறோம். நாகர்கோவில் வண்டியில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அக்டோபர் இருபதாம் தேதி கோவில்பட்டியில் இறங்குகிறோம். நேரே கயத்தாறுக்கு முத்துசெல்வி வீட்டுக்குப் போவதாகத்தான் பேச்சு. அம்மாதான் நேற்று பாத்திரம் துலக்கிக்கொண்டே, "மொதல்ல செண்பகவல்லி வீட்டுக்குப் போயி ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிக்கணும். அதுக்குப் பெறகுதான் மத்த வீடு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பதில் சொல்வதற்குள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். மன்னிப்பு என்ற சொல்லெல்லாம் அவளிடம் எதிர்பார்க்காதே. தண்ணீரை நல்ல செம்பில் கொடு.

படத்தைப் பற்றி ஒன்று. காளீஸ்வரி இங்கே அவள் சிநேகிதிகள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிவந்து காட்டினாள். பாஷை தெரியாத பிள்ளைகள். ஜீப்பை சைக்கிள் முந்துகிற இடத்தில் எழுந்து நின்று கத்துகிறார்கள். ஒரு பிள்ளை என் மடங்கின கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வலித்ததா?" என்று மராட்டியில் கேட்டது. இந்தக் கையைப் பார்த்து யாரும் இதுவரை பெருமைப்பட்டதில்லை. நாலு நாள் ஓடின படத்துக்கு இது போதும்.

இனி அந்தக் காரணம். நீ எழுதிய அந்த ஒரு நொடியை நான் தேடிப் பார்த்தேன். காளீஸ்வரி பள்ளிக்கூடம் போன பிறகு, நானே ரிமோட்டை வைத்துக்கொண்டு, மெதுவாக, விட்டு விட்டு, ஐந்தாறு நாள் பார்த்தேன். முன்னால் பார்த்தபோது ஆட்டைத்தான் பார்த்தோம். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. நீ இரண்டு தடவையும் அணைத்துவிட்டாய்.

சக்கரம் வெடிப்பில் இறங்குகிறது. நான் சாய்கிறேன். என் தோள் இன்னும் தரையைத் தொடவில்லை. அப்போதே வலது ஓரத்தில் ஒரு குடம் கீழே விழுகிறது. ஒரு பச்சைத் தாவணி ஓடிவருகிறது. ஓரத்தில் தெரியாமல் படத்துக்குள் விழுந்துவிட்ட டைரக்டர் ஆட்கள், குடைக்காரர், ஜீப்புக்காரர் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்கிறார்கள், ஒருவரும் அசையவில்லை. பச்சைத் தாவணி மட்டும் காற்றுக்கு எதிரே ஓடிவருகிறது. புழுதி கிளம்பி என்னை மறைக்கிறது, அந்தப் புழுதிக்குள் நீயும் நுழைகிறாய். அப்புறம்தான் அந்த நடிகையின் முகம் வருகிறது.

உனக்குச் சந்தோஷமாக இருந்த அந்த நொடியில் உன் கால் ஓடிக்கொண்டிருந்தது, செண்பகவல்லி. உன் மனது என்ன நினைத்தது என்பது உனக்குத்தான் தெரியும், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு நொடி சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் இவ்வளவு வேகமாக ஓடிவந்திருப்பேனா என்று தெரியவில்லை.

அதை நீயும் பார்க்க வேண்டும். தனியாகப் பார்க்க வேண்டாம், நான் வந்த பிறகு சேர்ந்து பார்க்கலாம். உன் வீட்டுக்காரரிடம் ஒரு பிளேயரையாவது மூடி வைக்கச் சொல்.

வண்டி காலையில் வரும். நீ ஸ்டேஷனுக்கு வந்துவிடு.

உன்
பூங்கொடி